ரெண்டாவது ஊசி

இன்னும் ஒரு மணி நாற்பது நிமிஷம் என்று மெஷின் காட்டியது. மெஷின் பொய் சொல்லாது, சொல்வதெல்லாம் மனுஷப் பிறவிதான் என்று சண்முகவடிவு நினைத்தாள், அந்தப் பிறவிகளில் முதல் ஆளாக நிற்பவள் அவள்தான். வலது கையைத் தலையணைமேல் நீட்டி வைத்திருக்கிறாள், அசைக்கக்கூடாது, முழங்கைக்கு மேலே ரெண்டு ஊசி குத்தியிருக்கிறது, ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகிறது, மற்றதன் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வருகிறது, கிட்னி செய்யவேண்டிய வேலையை இந்தப் பெட்டி செய்கிறது, வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், ஆறு வருஷமாக. கூரையில் எத்தனை தகடு, எந்தத் தகட்டில் மழைத்தண்ணீர் இறங்கிப் பழுப்பாகிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் பகலில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் படுத்திருப்பாளா? அப்போது அவள் அரிசியை எடை போட்டாள், இப்போது வாசலில் நுழைந்ததும் அவளை எடை போடுகிறார்கள். 'மூணு கிலோ கூட இருக்கே, தண்ணியக் குடிச்சியளா, கொளத்தையே குடிச்சியளா' என்று டெக்னீஷியன் பீர் முகமது தடவைக்குத் தடவை திட்டுவான், அவன் திட்டாவிட்டால் அன்றைக்கு என்னவோ போலிருக்கும். இன்றைக்கு அவன் திட்டவில்லை. கையில் ஒரு தாளோடு வந்தான். 'கொரோனா ஊசிக்கா, பூஸ்டர். பத்து மணிக்கு சிஸ்டரம்மா ஐஸ் பெட்டியோட வாராவ. ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து. எட்டுப் பேராவது சேந்தாத்தான் குப்பியத் தொறப்பாவளாம், இல்லன்னா மிச்சம் வீணாப் போயிரும்லா. ஊசி போட்ட எடம் ரத்தங்கட்டக் கூடாதுன்னு இன்னைக்கு மெஷின்ல ரத்தம் ஒறையாம இருக்க விடுத மருந்தக் கொறச்சுத்தான் விட்டிருக்கேன். உங்க பேர எழுதட்டுமா?' எழுது என்றாள். எழுதிக்கொண்டு போனான். அவளோடு சேர்த்து அந்தத் தாளில் மூன்று பேர்.

பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டிலும் ஆள், பேர் கொடுத்தது மூன்றே பேர் என்றால் அதற்குக் காரணம் தேவசகாயம், செத்த பிறகும் இந்த வார்டை விட்டுப் போகாத மனுஷன். வடிவுக்குப் பக்கத்துக் கட்டிலில் நாலு வருஷம் படுத்திருந்தவன், மினி பஸ் டிரைவர், படுத்த படுக்கையிலும் வலது கால் பிரேக்கைத் தேடும் என்று அவனே சொல்லிச் சிரிப்பான், அவளை அக்கா என்பான், அவள் தம்பி என்பாள். போன தை மாதம் கொரோனாவில் போய்விட்டான். 'ரெண்டு ஊசியும் போட்டவன்லா, அவனையே தூக்கிட்டுப் போயிட்டு. பெறவு மூணாவது ஊசி என்னத்துக்கு, அழகு பாக்கவா?' என்று எதிர்க் கட்டிலிலிருந்து குற்றாலிங்கம் சார் காலையிலிருந்து நாலு தரம் சொல்லியாகிவிட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர், எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதிக் கோடு போட்ட மாதிரி சொல்வார், வார்டே தலையாட்டும். சார் சொல்வதாவது வெறும் பேச்சு, போகட்டும். புஷ்பம் சொல்வது சாட்சி. புஷ்பம் தேவசகாயத்தின் பெண்டாட்டி, அவன் போனபிறகு டாக்டர் இரக்கப்பட்டு அவளை இங்கேயே ஆயா வேலைக்கு வைத்துக்கொண்டார். தரை துடைப்பாள், விரிப்பு மாற்றுவாள், கூட வர ஆள் இல்லாதவர்களுக்கு ஊசியை உருவினபிறகு ரத்தம் நிற்கிறவரை கையை அழுத்திப் பிடிப்பாள். வடிவுக்கும் அவள்தான் பிடிக்கிறாள். வடிவின் புருஷனுக்குக் கண் சரியாகத் தெரியாது, மகன் திருப்பூரில், ஆட்டோக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போவதோடு சரி. புஷ்பம் யாரையும் பயமுறுத்துவதற்காகச் சொல்கிறவள் இல்லை, பாவம், கேட்டால் சொல்வாள். 'எங்க வீட்ல அவிய ரெண்டும் போட்டாவ. மெசேஜ்கூட வந்துச்சு. என்னத்தச் சொல்ல, ஆண்டவர் கணக்கு' என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதுக்கு மேலே யார் பேர் கொடுப்பார்கள்?

ஆனால் தேவசகாயம் ரெண்டு ஊசி போடவில்லை. ஒன்றுதான் போட்டான். இது தெரிந்தவர்கள் உலகத்திலேயே ரெண்டு பேர், ஒருவன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான், இன்னொருத்தி இந்தக் கட்டிலில் இருக்கிறாள். அந்த ரெண்டு என்கிற சொல் வருகிற இடத்திலெல்லாம் வடிவின் புத்தி முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும், விட்டால் நகரமுடியாது. சரி, யோசிக்கவேண்டாம், மெஷினைப் பார்ப்போம், ஒரு மணி இருபத்தெட்டு. தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான், காலை டம்ளரை வரும்போதே குடித்தாகிவிட்டது. தண்ணீரை நினைக்காமலிருக்கக் கையை நினைத்தாள், கையை நினைத்ததுதான் தப்பு. எல்லாம் இந்தக் கையால் வந்த வினைதானே. மெஷின் ஊசி குத்துவதற்காக முதலில் இடது மணிக்கட்டில்தான் ஆபரேஷன் செய்து ரெண்டு ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்தார்கள், ஒரு மாதத்தில் அது தடித்து, தொட்டால் விர்ரென்று ஓடும், காதில் வைத்தால் பக்கத்து வீட்டில் யாரோ தையல் மிஷின் மிதிக்கிற மாதிரிக் கேட்கும். 'இந்தக் கைதான் இனி உங்க உயிர். இதுல பிரஷர் பாக்க விடாதிய, ஊசி போட விடாதிய, வளையல் போடாதிய, பை தூக்காதிய, ஆரையும் தொட விடாதிய' என்று நர்சு பாடம் மாதிரி ஒப்பித்தாள், வடிவும் பாடம் மாதிரி ஒப்பித்தாள். ஒப்பித்து என்ன? நாத்தனார் மகள் வளைகாப்பில் தலை சுற்றி உட்கார்ந்தவளுக்கு, நர்சிங் படிக்கிற ஒரு பிள்ளை ஓடிவந்து அந்தக் கையிலேயே பிரஷர் பட்டையைச் சுற்றி உஸ்உஸ்ஸென்று காற்றடித்துவிட்டது, ஏட்டி வேண்டாம் வேண்டாம் என்று வாய் எடுக்குமுன்னே முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் கையைக் காதில் வைத்தால் சத்தம் இல்லை. வைத்து வைத்துப் பார்த்தாள். இல்லை. பிறகு மூன்று மாதம் கழுத்தில் குழாய் போட்டு அதன் வழியாகத்தான் மெஷின், அதில் சீழும் சலமும் வைத்துக் குளிர்காய்ச்சல், போய்விடுவாள் என்றே வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள், அப்புறம்தான் வலது கையில் இதை அமைத்தது. அன்றிலிருந்து யார் பக்கத்தில் வந்தாலும் அவளுக்கு ரெண்டு கையும் தானாக முந்தானைக்குள் போய்விடும். பஸ்சில் டிக்கெட் வாங்கக்கூடக் கையை நீட்டமாட்டாள். இடது கை செத்த கைதானே என்று சொல்லாதீர்கள், நாளைக்கு வலதும் போனால் திரும்ப இடது கையில் மேலே எங்கேயாவதுதானே தேடுவார்கள், அதுவும் காப்பாற்றவேண்டிய கைதான். இந்தப் பயத்தை இந்தப் பன்னிரண்டு கட்டிலுக்கு வெளியே ஒருத்தருக்கும் புரியவைக்க முடியாது.

முதல் ஊசியை அவள் போட்டுக்கொண்டாள், இல்லை என்று சொல்லவில்லை. மெஷினிலிருந்து இறங்கின அன்று சாயங்காலமே போய் இடது தோளில் போட்டாள், ரத்தம் உறையாமலிருக்க மெஷினில் விடுகிற மருந்து உடம்பில் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை, தோளிலிருந்து முழங்கை வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போய்ப் பத்து நாள் கிடந்தது. டாக்டர் பார்த்துச் சிரித்தார். 'தோள் சதையில போடுறதும்மா, குழாய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டாவது ஊசிய மெஷின் இல்லாத நாளாப் பாத்துப் போட்டுக்கோங்க' என்றார். காது கேட்டது. உடம்பு கேட்கவில்லை. புரட்டாசியில் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள், போனாள். வாசலில் ஒரு மேஜை, அங்கே பேரையும் போன் நம்பரையும் சொன்னால் ஒரு பிள்ளை செல்போனில் தட்டிக்கொண்டு உள்ளே அனுப்பும், உள்ளே வகுப்பறையில் நாற்காலி, நாற்காலிக்குப் பக்கத்தில் ஊசி. உட்கார்ந்தாள். 'கையத் தூக்குங்கம்மா' என்று அந்த சிஸ்டர் முந்தானையை விலக்கி முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தாள் பாருங்கள், அவ்வளவுதான், வளைகாப்புப் பட்டை திரும்பச் சுற்றின மாதிரி இருந்தது. ஒண்ணுக்கு வருது என்று எழுந்து, பின்பக்க வராந்தா வழியாக வெளியே வந்து, கேட்டைத் தாண்டி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுமுன்னே போன் டிங் என்றது. ரெண்டாவது தவணை வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது, வாழ்த்துகள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேர் எழுதின மேஜையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது, உள்ளே யார் போட்டார்கள் யார் ஓடினார்கள் என்று பார்ப்பார் இல்லை. புருஷன் கேட்டார், போட்டாச்சு என்றாள். ஒரு சொல்தானே. அந்தச் சொல்லோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாளா, சண்டாளி.

மறு தடவை மெஷினில் படுத்ததும் தேவசகாயம்தான் கேட்டான். 'அக்கா, எனக்கு நாளைக்கு ரெண்டாவது ஊசி. கைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?' ஆகாது தம்பி என்று சொல்லியிருந்தால் ஒரு மூச்சில் முடிந்திருக்கும். அவள் என்ன செய்தாள், செத்த மணிக்கட்டை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். தொட்டுப் பார் என்றாள். அவன் தொட்டுப் பார்த்தான், அங்கே ஒன்றும் ஓடவில்லை. 'ஒரு நிமிஷம் அடுத்தவ கையில குடுத்தேன், போயிட்டு. நீ எதுக்கு வம்ப வெலைக்கு வாங்குத? பேர மட்டும் குடுத்துட்டு நைசா வந்துரு. மெசேஜ் தானா வந்துரும்' என்றாள். அந்த நேரத்தில் எவ்வளவு பெருமை அவளுக்கு, என்னமோ பெரிய வித்தையைக் கற்றுக்கொடுக்கிற மாதிரி! அடுத்த வாரம் அவன் செல்போனைத் தூக்கிக் காட்டிக் கண்ணடித்தான். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குழாய் ஆடி மெஷின் கீகீயென்று கத்தி, பீர் ஓடிவந்து திட்டினான். அப்புறம் மார்கழியில் ஒரு நாள் டாக்டர் வார்டில் நின்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார், கிட்னி போனவர்கள் உடம்பில் இந்த ஊசி மற்றவர்களுக்கு மாதிரி வேலை செய்யாது, ரெண்டு போட்டாலும் சீக்கிரம் வடிந்துவிடும், அதனால்தான் உங்களுக்கு மூணாவது அவசியம், ஒன்றோடு நின்றவர்கள் போடாத மாதிரிதான். போடாத மாதிரிதான். வடிவு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவர்கள் சிரிக்கவில்லை. போய்ப் போட்டுக்கொள் தம்பி என்று அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலில் தான் போடவேண்டும், போட்டாச்சு என்று எழுதியிருக்கிறவளுக்கு எவன் திரும்பப் போடுவான், ஓடிப்போன கதையை எல்லார் முன்னாலும் அவிழ்க்கவேண்டும், இப்படி ஒன்று மாற்றி ஒன்று யோசித்தே பதினைந்து நாள் போயிற்று, பதினாறாம் நாள் அவன் வரவில்லை.

ஒரு மணி ரெண்டு நிமிஷம். கெண்டைக்கால் சுண்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது, மெஷின் உடம்பிலிருந்து தண்ணீரை அதிகமாக எடுத்தால் இப்படித்தான் இழுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் ஒரு தடவை போன் பண்ணினான். கொரோனா வார்டிலிருந்து, மத்தியானம், அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இழுத்து இழுத்து மூச்சு. 'அக்கா, எத்தன ஊசி போட்டன்னு டாக்டர் கேட்டாரு. புஷ்பம் பக்கத்துல நின்னா. ரெண்டுன்னுட்டேன்.' அவள் ஏதோ சொன்னாள், என்ன சொன்னாள் என்று எவ்வளவு கசக்கினாலும் ஞாபகம் வரவில்லை, பயப்படாதே என்றிருப்பாள், வேறு என்ன சொல்லத் தெரியும் அவளுக்கு. 'உங்களுக்கு ஒண்ணும் இல்லைல்லா? பாத்து இருங்க' என்றான். அந்த மூச்சில், அந்த நிலைமையில், பாத்து இருங்க என்றான். மூன்றாம் நாள் பீர் செய்தி சொன்னான். வடிவு அழுதாள், ஓவென்று அழுதாள், நாலு வருஷப் பழக்கம் பாவம் என்று எல்லாரும் தேற்றினார்கள். அவள் அவனுக்காக மட்டுமா அழுதாள்? இல்லை. நான் இல்லை, நான் இல்லை, எனக்கு வரவில்லை என்று அந்த அழுகைக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது, அந்தக் குரலை அவளே கேட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் தன் மூஞ்சியில் தானே காறித் துப்பவேண்டும்போல் இருக்கிறது.

ஐஸ் பெட்டியோடு பீர் சொன்ன சிஸ்டர் வந்துவிட்டாள். மெஷினில் முப்பத்தைந்து நிமிஷம். குண்டான பெண், வியர்த்து வழிய நாற்காலியில் உட்கார்ந்து, பீரின் தாளை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். 'நாலு பேருக்கா குப்பியத் தொறக்கச் சொல்லுதிய? ஆறு பேர் மருந்து வீணாப் போனா நான் பதில் சொல்லணும் தம்பி. எட்டுப் பேராவது சேக்கணும். இல்லன்னா கெளம்புதேன், அடுத்து எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது.' நாலாவது ஆள் யாரோ சேர்ந்திருக்கிறார்கள். பீர் கட்டில் கட்டிலாகக் கெஞ்சிக்கொண்டு போனான். கிளம்புகிறேன் என்ற சொல்லைக் கேட்டதும் வடிவுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. சாயங்கால ஷிப்டில் ரெண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு அதேதான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் படுத்திருக்கிற இதே கட்டிலில்தான் சாயங்காலம் இன்னொருத்தர் படுக்கிறார். அவள் உடம்பில் இருப்பது ஒரு வருஷத்துக்கு முந்தின ஒற்றை ஊசி, போடாத மாதிரிதான், போடாத மாதிரிதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடலாம் என்றால் அங்கே வியாழக்கிழமை மட்டும்தான், வியாழக்கிழமை அவளுக்கு மெஷின். இதை விட்டால் வேறு வழி இல்லை. பக்கத்துக் கட்டிலில், தேவசகாயம் கட்டிலில், இப்போது கோமதி என்று ஒரு பிள்ளை, இருபத்துநாலு வயசு, வந்து ஒரு மாதம் ஆகவில்லை, கழுத்தில் குழாய். அது மெதுவாகக் கேட்டது. 'எனக்கு இன்னைக்கு ரெண்டாவது போடலாம்னு பீர் அண்ணன் சொல்லுதாவ. போடலாமாக்கா? புஷ்பக்கா வீட்டுக்காரரு ரெண்டு போட்டும்...' என்று நிறுத்திவிட்டது. அதே கட்டில். அதே பக்கம் திரும்பின தலை. அதே கேள்வி, அட பாவி, அதே கேள்வி. போடு தாயி என்றாள் வடிவு. சொன்ன சொல்லுக்குப் பலம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டு, வேண்டாம் அண்ணே என்று பீரிடம் சொல்லிவிட்டது.

சொல்லிவிடவேண்டியதுதான். எப்படிச் சொல்வது? சாரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. பீரிடம் சொல்லலாமா, அவன் சின்னப்பிள்ளை, ஐயோக்கா என்று கத்திவிடுவான். அது தெரிந்த பிறகு யார் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், மற்ற பதினோரு பேரும் வாரத்துக்கு மூன்று நாள் இங்கேதான் வரவேண்டும், அவளும் இங்கேதான் வரவேண்டும், வராமல் இருந்தால் பத்து நாளில் சாவு, வந்தால் ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் அவர்கள் பார்வையில் கிடக்கவேண்டும், எழுந்து ஓட முடியாது, கைதான் கட்டிப் போட்டிருக்கிறதே. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஐஸ் பெட்டி போய்விடும். கோமதிக்கு ஏதாவது ஆனால் அதுவும் இவள் கணக்குத்தான். கோமதிக்கு என்ன, உனக்கு ஆனால் என்று உள்ளே அந்தக் குரல் கேட்டது, சனியன் பிடித்த குரல். மெஷின் கீகீயென்று கத்தியது. திடுக்கிட்டுப் போனாள். முடிந்துவிட்டதாம். நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை.

பீர் ரத்தத்தைத் திருப்பி விட்டு, முதல் ஊசியை உருவி, பஞ்சை வைத்து, 'புஷ்பக்கா, பிடிங்க' என்று கூப்பிட்டான். புஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரெண்டு விரலை வைத்தாள். அவள் பிடிப்பது ஒரு அளவு. குறைத்து அழுத்தினால் ரத்தம் பீச்சியடிக்கும், கூட்டி அழுத்தினால் ஓட்டம் நின்று குழாய் அடைத்துப்போகும், இந்த ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் அளவு தப்பினதில்லை. தேவசகாயத்துக்குப் பிடித்துப் பிடித்துப் பழகின விரல். பீர் சிஸ்டரிடம் போய் இன்னும் பத்து நிமிஷம் இருங்கம்மா என்று மன்றாடிக்கொண்டிருந்தான். வடிவு அந்த விரலைப் பார்த்தாள். வாய் தானாகத் திறந்தது.

'புஷ்பம்.'

'என்னக்கா, வலிக்கா?'

'தேவசகாயம் தம்பி ரெண்டாவது ஊசி போடல.'

விரல் அசையவில்லை. 'போட்டாவளே. மெசேஜ் இன்னும் அவிய போன்லதான் கெடக்கு.'

'பேர் குடுத்தாப் போதும், மெசேஜ் வந்துரும். எனக்கும் அப்பிடித்தான் வந்துச்சு. நானும் போடல. நான்தான் தம்பிட்டச் சொன்னேன், கை போயிரும், போடாதன்னு.'

பஞ்சின்மேல் இருந்த விரல் கனக்க ஆரம்பித்தது. கனத்துக்கொண்டே போனது. கைக்குள் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது மெலிந்து, நூலாகி, நின்றுபோவதை வடிவு உணர்ந்தாள். விடு புஷ்பம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, சொல்ல என்ன தகுதி இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டாள். இப்படியே போகட்டும் என்றும் இருந்தது, ஐயோ கை கை என்றும் இருந்தது. எவ்வளவு நேரமோ. பிறகு விரல் மெல்லத் தளர்ந்து பழைய அளவுக்கு வந்தது, ஓட்டம் திரும்பிற்று.

'எப்பருந்து தெரியும்?'

'அன்னையிலருந்து.'

'ஏழு மாசமா எங்கிட்டக் கையக் குடுத்துட்டுப் படுத்திருந்திய.' புஷ்பம் குரலை உயர்த்தவில்லை. 'இப்ப எதுக்குச் சொல்லுதிய?'

இந்தப் பிள்ளைக்காக, இத்தனை பேருக்காக, மனசு கேட்காமல், இப்படி எத்தனையோ இருந்தது சொல்ல. வாயில் வந்தது வேறு. 'எட்டுப் பேர் சேரணும்லா' என்றாள் வடிவு.

'ஓகோ' என்றாள் புஷ்பம். 'எட்டுப் பேர் சேரணும்.' பத்து நிமிஷமும் நின்று பிடித்தாள். ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்திரி ஒட்டினாள். பிறகு வார்டு நடுவில் போய் நின்றாள். 'எல்லாரும் கேளுங்க. எங்க வீட்ல அவிய ஒரு ஊசிதான் போட்டாவ. ரெண்டாவது போடல. எங்கிட்டப் பொய் சொல்லிட்டாவ. தெரியாம நானும் உங்ககிட்ட இத்தன நாளும் தப்பாச் சொல்லிட்டேன். போடாததுனாலதான் போனாவ. நீங்க போட்டுக்கிடுங்க.' குற்றாலிங்கம் சார் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, 'ஒனக்கு ஆரு சொன்னா?' என்றார். புஷ்பம் வடிவின் பக்கம் திரும்பவே இல்லை. 'அவியளேதான் சொன்னாவ' என்றாள். 'சாவுறதுக்கு முன்னால.' சார் தலையைத் திரும்பத் தலையணையில் சாய்த்துக்கொண்டு, பீர், நம்ம பேரையும் எழுதுப்பா என்றார். அதுக்குப் பிறகு கோமதி. அதுக்குப் பிறகு கடைசிக் கட்டிலில் ரெண்டு பேர், ஜன்னலோரம் ஒருத்தர். ஒன்பது ஆகிவிட்டது. 'ஒரு மருந்து மிச்சம் இருக்கே, புஷ்பக்கா, நீங்க?' என்றான் பீர். 'எனக்கு என்னத்துக்கு' என்று சொல்லிவிட்டு அவள் வாளியில் துடைப்பத்தை நனைத்தாள்.

குப்பியைத் திறந்துவிட்டார்கள். வடிவுக்கு உடம்பெல்லாம் லேசானது, அந்த நிம்மதி வெட்கமில்லாமல் உள்ளங்காலிலிருந்து ஏறி வந்தது. என் பேரைச் சொல்லவில்லை, சொல்லவில்லை, புண்ணியவதி, சொல்லவில்லை. மெஷினின் ரெண்டாவது ஊசியைப் பீர் உருவ வருமுன்னே சிஸ்டர் செல்போனோடு வந்து பக்கத்தில் நின்றாள். 'சண்முகவடிவு. ரெண்டு டோஸ் போட்டாச்சுன்னு இருக்கு. இது மூணாவது. சரிதானம்மா?' ரெண்டு முழம் தள்ளித் தரை துடைத்துக்கொண்டிருந்த புஷ்பத்தின் துடைப்பம் நின்றது. எதிரே சார் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி பார்த்துக்கொண்டிருந்தது. இல்லம்மா, ரெண்டாவதுதான், அன்றைக்கு நான் ஓடிப்போய்விட்டேன், இவ்வளவுதான் சொல்லவேண்டியது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

'சரிதான்' என்றாள் வடிவு.

துடைப்பம் திரும்ப ஓடியது. இடது தோளில் ஊசி இறங்கினது தெரியவேயில்லை, எறும்பு கடித்த அளவுகூட இல்லை. இதுக்கா அன்றைக்குப் பின்வாசல் வழியாக ஓடினாள்? பீர் வந்து மிச்சமிருந்த ஊசியை உருவி, பஞ்சை வைத்து, தன் விரலாலேயே பிடித்துக்கொண்டு, 'புஷ்பக்கா' என்று குரல் கொடுத்தான். புஷ்பம் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டிலோரம் வந்து குனிந்து, வடிவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கோபம் ஒரு பொட்டும் இல்லாத குரலில் சொன்னாள். 'அடுத்த தடவ கை பிடிக்க வீட்லருந்து ஆரையாவது கூட்டிட்டு வந்துருங்கக்கா.' சொல்லிவிட்டு ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் போய்விட்டாள். பீர் ஒன்றும் புரியாமல் ரெண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தான், அங்கே இன்னொரு மெஷின் கத்தவே, 'நீங்களே பிடிச்சுக்கோங்க, இந்தா வாரேன்' என்று ஓடினான். வடிவு இடது கையைக் கொண்டுவந்து பஞ்சின்மேல் ரெண்டு விரலை வைத்தாள். ஆறு வருஷத்தில் இதை அவள் தானாகச் செய்ததே இல்லை. எவ்வளவு அழுத்தவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.